முதல் மீனுக்கு யார் பேர்?

"அந்த மீனுக்கு என் பேரை வைங்கன்னு நான் கேட்கவே மாட்டேன்," என்றார் இயக்குநர்.

மேசைக்கு எதிரே நின்றிருந்த மீன் பிரிவுக்காரருக்கு இதில் ஏதோ வில்லங்கம் இருப்பது உடனே புரிந்துவிட்டது. யாருமே கேட்காதபோது ஒருவர் தானாக வந்து, கேட்க மாட்டேன் என்று சொன்னால், கேட்டுவிட்டார் என்றுதான் பொருள்.

"அதெல்லாம் எனக்குப் பிடிக்காது," என்று இயக்குநர் தொடர்ந்தார். "அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறேன். இத்தனை வருஷம் இந்த அருங்காட்சியகத்துல கையெழுத்து போட்டே என் காலம் போயிடுச்சு. நாளைக்கு என்னை யார் ஞாபகம் வச்சுக்கப் போறாங்க? வேண்டாம். நீங்க கட்டுரையை எழுதிக் கொண்டாங்க, கையெழுத்து போட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பிடலாம். போடாம எங்கே போயிடப் போறேன்?"

கடைசி வாக்கியம் வந்த விதம் சரியில்லை.

"பார்க்கலாம் சார்," என்றார் மீன் பிரிவுக்காரர்.

முடியாது என்று சொல்ல வாய் வராதவர்களுக்காகவே உண்டான சொல் இது. இதில் ஒரே ஒரு கஷ்டம், சொல்கிறவர் முடியாது என்று நினைத்துச் சொல்கிறார், கேட்கிறவர் சரி என்று எடுத்துக்கொள்கிறார். இயக்குநர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்க இவ்வளவு வற்புறுத்தினா நான் என்னதான் செய்ய முடியும்?"

மீன் பிரிவுக்காரர் திருதிருவென்று விழித்தபடி வெளியே வந்தார். ஏனென்றால் அந்த மீனின் பெயரை அவர் ஏற்கெனவே தன் மனைவிக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அதுவும் இன்று நேற்றல்ல, கல்யாணமான புதிதில்.

அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவரைச் 'செதில்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த மீன் வந்தாலும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு செவுளிலிருந்து வால் வரை செதில்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறவர். நடுவில் யாராவது மணி என்ன என்று கேட்டுவிட்டால் போச்சு, மறுபடி செவுளிலிருந்து ஆரம்பிப்பார். அலுவலகத்தில் சிலருக்கு அவரிடம் மணி கேட்பதே பொழுதுபோக்கு.

அவருடைய அறை கீழ்த்தளத்தில் இருந்தது. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கக் கண்ணாடிச் சாடி, சாடி முழுக்கச் சாராயத்தில் ஊறிய மீன். அந்த வாடை சட்டையோடு வீட்டுக்கும் போகும். மனைவி அவர் சட்டைகளை மட்டும் தனிக் கொடியில் உலர்த்துவாள். அது பற்றி ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. காரணம், அந்த வாக்குறுதி.

மீன்களை வகைப்படுத்துகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உலகத்தில் யாரும் அறியாத மீனை முதலில் விவரித்து எழுதுகிறவர் அதற்குப் பெயர் வைக்கலாம். தன் பெயரையே வைத்துக்கொள்வது அசிங்கம். வேறு யார் பெயரையும் வைக்கலாம். ஒரு மீனுக்கு ஒரு பெயர்தான். அச்சில் ஏறிவிட்டால் அது நிலைத்துவிடும், யாருடைய தயவும் தேவையில்லை. "முதல் மீன் உன் பேர்லதான்," என்று செதில் மனைவியிடம் சொன்னபோது அவருக்குத் தலைமுடி கறுப்பாக இருந்தது.

அதன்பிறகு அவர் கைக்கு வந்த ஒவ்வொரு மீனுக்கும் யாரோ ஒரு மீசைக்காரர் எப்போதோ பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார். இதற்கிடையில் மனைவியின் அக்கா வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு அக்காவின் பெயரை வைத்தார். பிறகு கடைக்கு வைத்தார். பிறகு ஒரு லாரிக்கும் வைத்தார். ஒவ்வொரு முறையும் செதிலின் மனைவி போய் வாழ்த்திவிட்டு வருவாள். "எங்க வீட்டுக்காரர் மீனுக்கு வைக்கப் போறார்," என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் செதில் மறுநாள் சீக்கிரமே அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுவார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஆராய்ச்சிக் கப்பலின் கேப்டன் ஒரு பனிக்கட்டிப் பெட்டியை அனுப்பியிருந்தார். வெயில் எட்டிப் பார்க்காத ஆழத்தில் ஒரே வலையில் வந்த சரக்கு. மேலாக ஒரு மீன் கிடந்தது. முழங்கை நீளம், செங்கல் நிறம், கடுகளவு கண். உடம்பு பாதி, வாய் பாதி. செதில் என்று ஒன்றுகூட இல்லை. எண்ணுவதற்கு எதுவுமே இல்லாத மீனைப் பார்த்து அவர் முதலில் கொஞ்சம் தவித்துப்போனார்.

பிறகு மீன்களை அடையாளம் காணும் தடிப்புத்தகத்தைப் பிரித்தார். துடுப்பு இப்படியா அப்படியா, பல் உண்டா இல்லையா என்று கேள்வி கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போய், கடைசியில் பெயரைச் சொல்லும் புத்தகம் அது. கடைசிக் கேள்விக்கு ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. புத்தகத்தில் அந்த மீன் இல்லை. செதில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையில் துடைத்தது கண்ணை.

அன்று மாலை விஷயத்தைச் சொன்னதும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அவரிடம் வந்தாள். "நிஜமாவா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப்பின் சாப்பாடு மேசைக்கு வருவதற்குள், அக்காவுக்கும் ஒன்றுவிட்ட தங்கைகளுக்கும் மாடி வீட்டுக்காரிக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது இயக்குநர் வேறு கேட்கவே மாட்டேன் என்கிறார்.

செதில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் தயாரித்துக்கொண்டே போனார். கதவைத் திறந்தவள் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

"போட்டோ காட்டுங்க. ஃபிரேம் கடையில அளவு கேட்கறாங்க."

அவர் போனைக் கொடுத்தார். அவள் நேராகப் பார்த்தாள். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல வாய் எது?"

"இதோ, இதுதான்."

"அப்ப மீன் எங்கே?"

"மீனே பூராவும் வாய்தான். அதுதான் இதோட விசேஷம்."

அவர் விஞ்ஞானத்தைச் சொன்னார். அவள் அதை விஞ்ஞானமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இத்தனை வருஷம் தேடி, எனக்குப் பொருத்தமா இதைத்தான் பிடிச்சீங்களா?"

"அப்படி இல்லம்மா. பேருக்கும் உருவத்துக்கும் சம்பந்தமே கிடையாது."

"அதை எங்க அக்கா வீட்டுக்காரர்கிட்ட யார் போய்ச் சொல்றது? அவர் லாரியைப் பார்த்தீங்கல்ல, எவ்வளவு லட்சணமா இருக்கு."

அந்த இக்கட்டிலும் செதிலுக்குப் பளிச்சென்று ஒரு வழி தெரிந்தது.

"யார் இதை உனக்குன்னு சொன்னா? இது இயக்குநருக்கு. உனக்கு வேற மீன் வச்சிருக்கேன்."

மனைவியின் முகம் தெளிந்தது. ஒரே பதிலில் இரண்டு தலைவலி தீர்ந்ததே என்று செதில் நிம்மதியாகத் தூங்கினார். வேறு மீன் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பது காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது.

அலுவலகத்துக்கு ஓடினார். பனிக்கட்டிப் பெட்டியைக் கவிழ்த்துக் கிளறினார். நல்லவேளை, அடியில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் நீளம், புகை படிந்த மாதிரி நிறம். முதல் மீன் விழுங்கிய ஏதோ ஒன்று வெளியே வந்துவிட்டது என்று நினைத்து அன்று ஒதுக்கி வைத்திருந்தார்.

பூதக்கண்ணாடியில் பார்த்ததும் அசந்துபோனார். பெரிய மீன் பூராவும் வாய் என்றால், இதற்கு வாயைத் திறக்கவே வராது. அறுத்துப் பார்த்தால் வயிறே இல்லை, இருந்ததெல்லாம் ஈரல்தான். ஆனால் மூக்கு இருந்ததே, மூக்கு, அப்படி ஒரு மூக்கை அவர் எந்தச் சாடியிலும் பார்த்ததில்லை. இரண்டுக்கும் தூரத்துச் சொந்தம்கூட இருக்க வழியில்லை என்று யாரைக் கேட்டாலும் சத்தியம் செய்வார்கள். தடிப்புத்தகத்தை எடுத்தார். இதுவும் அதில் இல்லை.

செதில் அறையை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார்.

இந்த முறை போட்டோ எடுக்கவில்லை. பட்டது போதும் என்று, பென்சிலால் தானே வரைந்தார். மூக்கைக் கொஞ்சம் குறைத்தே வரைந்தார். பிறகு தொழில் தர்மம் உறுத்தவே, அழித்துவிட்டுச் சரியான அளவில் வரைந்தார். வாழ்க்கையில் அவர் செய்த பெரிய தப்புகளில் அது ஒன்று.

படத்தைப் பார்த்ததும் மனைவியின் கை தானாகத் தன் மூக்குக்குப் போனது.

"எங்க அக்கா சொல்லிக் குடுத்தாளா?"

"எதை?"

"சின்ன வயசுல அவ என்னை மூக்கி, மூக்கின்னு கூப்பிட்டதை."

"எனக்குத் தெரியவே தெரியாது," என்றார் செதில். தெரியும். கல்யாணத்தன்றே அக்கா சொல்லியிருந்தாள்.

"வாய்னு ஆரம்பிச்சீங்க. இப்ப மூக்கு. அடுத்தது காதா?"

அதோடு பேச்சு நின்றது. தண்ணீர் டம்ளர் மேசையில் வைக்கப்படும் சத்தம் மட்டும் நாளுக்கு நாள் பலமாகிக்கொண்டு வந்தது. சட்டைகள் தனிக் கொடிக்குப் போகாமல் நாற்காலியிலேயே கிடந்தன. செதில் உள்ளுக்குள் நொந்துபோனார். மீனைக் கண்டுபிடிக்காமலே இருந்திருந்தால் வாக்குறுதியாவது உயிரோடு இருந்திருக்குமே என்று பட்டது.

ஒரு மதியம், பெட்டியில் உருகிய தண்ணீரைக் கொட்டப் போனவர், என்னவோ தோன்றி டீ வடிகட்டியை வைத்து வடித்தார். வடிகட்டியில் ஒரு நூல் மாட்டியது. கிள்ளி எறியப் போன கை நின்றது. நூலின் ஒரு முனையில் இரண்டு கண்கள் இருந்தன.

கண்ணாடித் தட்டில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டார். பொடி மீன். அதன் வால் மட்டும் உடம்பைப் போல் பல மடங்கு நீண்டு, ரிப்பன் மாதிரி சுழன்று விரிந்தது. தட்டை லேசாக ஆட்டினால் அது மெல்லத் திரும்பியது. செதில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். யாரோ வந்து மணி கேட்டார்கள், அவர் காதில் விழவில்லை.

இதுவும் புத்தகத்தில் இல்லை.

ஒரே வலையில் மூன்று புது மீன் வருவது நடக்கிற காரியமில்லை. மனசின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு குரல், "இது எப்படிய்யா?" என்று கேட்கத்தான் செய்தது. வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத மனிதர் அந்த மாதிரிக் குரலுக்கெல்லாம் காது கொடுத்துக்கொண்டிருக்க முடியாது.

இந்த முறை படமும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம் என்று மனைவியையே நேரில் அழைத்துவந்தார். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். குனிந்து பூதக்கண்ணாடிக்குள் பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. முந்தானை எப்போது நழுவியது என்று அவளுக்கே தெரியாது.

"இவ்வளவு அழகா இருக்கே. இது எனக்கா?"

"உனக்குத்தான்."

"இதுக்குத்தான் இத்தனை வருஷம் இந்த நாத்தத்துல உட்கார்ந்திருந்தீங்களா?"

அவள் பார்க்க வசதியாக அவர் தட்டை இன்னொரு முறை லேசாக ஆட்டினார். கிளம்பும்போது அவள் அவருடைய சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்துவிட்டுப் போனாள். அன்று முழுக்க அந்தக் காலரை அவர் தொடவே இல்லை.

மூக்கு மீன் மட்டும் அனாதையாக நின்றது. பிடித்துக் கொடுத்தவருக்கே கொடுத்துவிடலாம் என்று கேப்டனுக்குப் போன் செய்தார்.

"மூக்கு கொஞ்சம் பெரிசா இருக்கும், பரவாயில்லையா?"

"வயிறு எப்படி சார்?"

"வயிறே கிடையாது."

"என் டாக்டர் என்னை அப்படித்தான் ஆகச் சொல்லிட்டு இருக்கார். தாராளமா வைங்க."

வாய் மீனின் போட்டோவைச் செதில், வாய்ப் பக்கத்தைக் கையால் பாதி மறைத்தபடியே, இயக்குநரிடம் கொண்டுபோய் நீட்டினார். இயக்குநரோ அதைக் கையில் ஏந்தி, தூர வைத்து, கிட்ட வைத்துப் பார்த்தார்.

"என்ன கம்பீரம். அந்த வாயைப் பாருங்க. தலைமைப் பதவின்னா இப்படி இருக்கணும். செதில், நான் ரிட்டயர் ஆகற அன்னைக்கே மேடையில அறிவிச்சிடுவோம். மறுநாள் பத்திரிகைக்கு அனுப்பிடலாம்."

"மரபணு முடிவு இன்னும் வரலையே சார்."

மூன்று மீனிலிருந்தும் துளித் துளிச் சதை வெட்டி மரபணு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார். இப்போதெல்லாம் அது இல்லாமல் எந்தப் பத்திரிகையும் புது மீனை ஏற்பதில்லை. அந்த ஆய்வுக்கூடத்துப் பெண்மணி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறவர். எப்போது வரும் என்று கேட்டதற்கு, "வரும்போது சொல்றேன்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"மரபணுல புதுசா என்ன வந்துடப் போகுது?" என்றார் இயக்குநர். "ஒண்ணுக்கு வாய்தான் உடம்பு, ஒண்ணுக்கு வாயே இல்லை, ஒண்ணு வெறும் வால். கண்ணு இருக்கறவனுக்குத் தெரியாதா?"

அதில் செதிலுக்கும் சந்தேகம் இல்லை. அவரும் கண்ணை நம்பியே காலம் தள்ளியவர்.

விழா அன்று அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் ஆளுயரத்துக்கு மூன்று படங்கள். ஒவ்வொன்றின் கீழும் மீனின் புதுப்பெயர், அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்ற விவரம். வாய் மீனின் கீழ் இயக்குநர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கேப்டன் புதுச்சட்டையோடு வந்து, மூக்கு மீன் பக்கத்தில் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டதில் அவருக்கு மூச்சு வாங்கியது.

முன்வரிசையில் அக்காவும் அக்கா வீட்டுக்காரரும். அக்கா ரிப்பன் வாலையும் அதன் கீழே இருந்த தங்கையின் பெயரையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கணவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"லாரியை வித்தா பேரை அழிச்சிடுவாங்க. இதை அழிக்க முடியாதாம்."

தாழ்ந்த குரல்தான். ஆனாலும் மேடையில் இருந்த செதிலின் மனைவிக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னொரு முறை முதலிலிருந்து எல்லாச் செதிலையும் எண்ணச் சொன்னாலும் அவர் எண்ணியிருப்பார். யாருக்கும் பெரிய பொய் சொல்லவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, கேட்ட எல்லோருக்கும் கேட்டதைக் கொடுத்தாயிற்று. அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். தான் எதையுமே கேட்டதில்லை என்பதை விரிவாகச் சொன்னார். "ஒரு மீனுக்கு ஒரே ஒரு பேர்தான் நிக்கும். எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் அதுக்கு ரெண்டாவது பேர் கிடையாது. அந்தப் பெருமை இன்னைக்கு எங்க மூணு பேருக்கும் கிடைச்சிருக்கு," என்று முடித்தபோது குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை. அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. அதைப் பார்த்துச் செதிலுக்கும் அவர் மேலிருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

அப்போதுதான் ஆய்வுக்கூடத்துப் பெண்மணி தோளில் பையோடு உள்ளே வந்தார். நேராக மேடை ஓரத்துக்கு நடந்து, செதிலைக் கூப்பிட்டார்.

"காலையிலேர்ந்து போன் பண்றேன். நீங்க எடுக்கலை."

"விழா வேலைல கவனிக்கலைங்க. முடிஞ்சதும் பேசலாமே."

"சரி," என்று அவர் பின்வரிசைக்குப் போகத் திரும்பினார். இயக்குநர் விடவில்லை.

"வாங்கம்மா, மேலே வாங்க. சரியான நேரத்துல வந்தீங்க. முடிவு வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"புது மீன்தானே?"

"புதுசுதான். இதுவரைக்கும் உலகத்துல யாரும் பதிவு பண்ணாதது."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. செதில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மனைவி எழுந்து நின்று கை தட்டினாள், அக்காவும் தட்டினாள், அக்கா வீட்டுக்காரர்கூடத் தட்டினார். பெண்மணி மட்டும் மைக்கை விட்டு நகராமல், சத்தம் அடங்கக் காத்திருந்தார்.

"இன்னும் ஏதாவது சொல்லணுமா?" என்றார் இயக்குநர்.

"நீங்க கேட்டா சொல்லலாம்."

"கேட்கறேன். மூணு மீனைப் பத்தியும் நல்லா விவரமா, பின்வரிசைக்கும் கேட்கற மாதிரி சொல்லுங்க."

பெண்மணி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூன்று படங்களின் கீழே இருந்ததையும் நிதானமாகப் படித்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கையைக் காட்டி, கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மூணு மீன் இல்லைங்க, எல்லாம் ஒரே இன மீன்தான், இதுல இயக்குநர் அம்மா, கேப்டன் அப்பா, சாரோட சம்சாரம் இவங்க ரெண்டு பேரோட குழந்தை."